வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் அரசின் ஒருங்கிணைந்த சேவை மையம் எங்கே இருக்கிறது என்று யாருக்காவது தெரியுமா?

பூவரசு78:
என் சித்தி மகளுக்கு வயது 29, ஒரு குழந்தை. புருஷன் அடிப்பது எங்களுக்கு இப்போதுதான் தெரிய வந்தது, போன வாரம் அவன் அறைந்ததில் இடது காது இன்னும் சரியாகக் கேட்கவில்லை என்கிறாள். நான் வேறு ஊரில் இருப்பதால் மூன்று நாளாக நெட்டில்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரு பழைய பட்டியலில் எங்கள் மாவட்டத்துக்குப் போட்டிருந்த லேண்ட்லைன் உபயோகத்தில் இல்லை. செல் நம்பரை எடுத்தவர் "நான் அங்கிருந்து மாறி வந்து ரெண்டு வருஷம் ஆச்சும்மா" என்றார், புது நம்பர் அவரிடமும் இல்லை. சரி என்று சித்தி நேரில் கிளம்பி ஆட்டோக்காரரிடம் "ஒருங்கிணைந்த சேவை மையம்" என்று சொல்ல, அவர் இ-சேவை மையத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். டோக்கன் வாங்கி முக்கால் மணி நேரம் உட்கார்ந்த பிறகு "ஆதாரா, வருமானச் சான்றா?" என்று கேட்டிருக்கிறார்கள். அத்தனை பேர் நடுவில் என்ன சொல்வது, பேசாமல் திரும்பிவிட்டார். போலீஸுக்குப் போக அவளுக்கு இஷ்டமில்லை, அடி நின்றால் போதுமாம். எங்கே போவது?

வேப்பங்காற்று:
பெயரிலேயே பாதிப் பேர் வழி தவறுகிறார்கள். ஓ.எஸ்.சி., சகி, ஒருங்கிணைந்த சேவை மையம், மூன்றும் ஒன்றுதான். ஆட்டோவில் ஜி.ஹெச். என்று மட்டும் சொல்லுங்கள், பல ஊர்களில் அந்த வளாகத்திலோ பக்கத்திலோதான் இருக்கும். காதுக்காக எப்படியும் அங்கே போக வேண்டும். டாக்டரிடம் "வழுக்கி விழுந்தேன்" என்று மட்டும் சொல்ல வேண்டாம், யார் அடித்தார் என்று சொன்னால் ஏ.ஆரில் (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு) அப்படியே எழுதுவார்கள், பின்னால் கோர்ட்டில் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் ஏ.ஆர். போட்டால் போலீஸுக்குத் தகவல் போகும், அதை அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கறுப்புக்கோட்டு:
போலீஸ் வேண்டாம் என்றாலும் வழி இருக்கிறது. 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார், பெரும்பாலும் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில். அவர் நடந்ததை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். அடிக்கக்கூடாது, வீட்டை விட்டு வெளியேற்றக்கூடாது என்று உத்தரவு வாங்கலாம், ஜீவனாம்சமும் கேட்கலாம். இந்தச் சட்டப்படி, உத்தரவை மீறினால்தான் அவன் மேல் கிரிமினல் வழக்கு வரும், ஒரு வருஷம் வரை சிறை. வீடு அவன் பெயரிலோ மாமியார் பெயரிலோ இருக்கிறதே என்று பயந்து தானாக வெளியேறிவிட வேண்டாம். வக்கீல் ஃபீஸ் பற்றியும் கவலை வேண்டாம், கோர்ட் வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசம். போன் 15100.

நிலாமுற்றம்:
நான் இதைக் கடந்து வந்தவள், அதனால் உரிமையோடு சொல்கிறேன். முதலில் பெண்கள் உதவி எண் 181-க்கு அடியுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள், உங்கள் மாவட்ட மையத்தின் இப்போதைய நம்பரைக் கேளுங்கள். ஆனால் அவள் போனிலிருந்து வேண்டாம், நீங்களோ சித்தியோ பேசுங்கள். என் வீட்டுக்காரர் தினமும் ராத்திரி என் கால் லிஸ்ட்டைப் பார்ப்பார், அப்படித்தான் நான் மாட்டினேன். மையத்தில் சில நாள் தங்கலாம், குழந்தையும் கூட இருக்கலாம். ஆதார், குழந்தையின் பிறப்புச் சான்று, பேங்க் பாஸ்புக், இவற்றை இப்போதே சித்தி வீட்டுக்கு நகர்த்திவிடுங்கள். அப்புறம் யாராவது "அனுசரித்துப் போம்மா" என்பார்கள், நான் போன ஸ்டேஷனில் ஒரு பெண் போலீஸே அப்படித்தான் சொன்னார். அதைக் கேட்டுத் திரும்பிப் போனேன், அதில் இரண்டு வருஷம் போனது. புகார் கொடுக்கிற நிலை வந்தால் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) வாங்காமல் ஸ்டேஷனை விட்டு நகராதீர்கள்.

பூவரசு78:
எல்லோருக்கும் நன்றி. 181-ல் நான்தான் பேசினேன், அக்கா. நம்பர் கிடைத்துவிட்டது, எடுத்த பெண் பொறுமையாகப் பேசினார், புதன்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறார். மையம் ஜி.ஹெச். பிரசவ வார்டுக்குப் பின்னால்தானாம். போர்டு இருக்கிறது, அதை மறைத்தபடி பைக் ஸ்டாண்ட். சித்தி வாரா வாரம் சுகர் மாத்திரை வாங்க அந்த வழியாகத்தான் போய் வருகிறார்.