பாறையேற்றம்: கீழே நின்று படித்த வழி, பாதியில் ஏன் கலைந்துபோகிறது?

நூல்கண்டு (டர்பன்):
மான்டெசீல் பாறைகளில் டாப் ரோப் (மேலிருந்து வரும் கயிற்றில் ஏறுவது) என்றால் கடினத் தரம் 19 வரை சிக்கலில்லை. லீட் (கயிற்றைக் கூடவே கொண்டுபோய் வழியில் மாட்டிக்கொண்டே ஏறுவது) என்றால் 16இலேயே தடுமாற்றம். கீழே நின்று மனப்பாடம் செய்த வரிசை, மூன்றாவது கேம் (கயிற்றை மாட்ட விரிசலில் செருகும் கருவி) வைத்ததும் கலைந்துவிடுகிறது. இது மறதியா, பயமா? எப்படிப் பழகுவது?

உடும்பு (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
மறதி இல்லை, எதை மனசில் ஏற்றுகிறீர்கள் என்பதில்தான் கோளாறு. 2002இல் வெளியான ஒரு டச்சு ஆய்வில், சுவரைப் பார்த்துவிட்டு நினைவிலிருந்து சொல்லும்போது புதியவர்கள் பிடியின் வடிவத்தையே சொன்னார்கள். தேர்ந்தவர்கள் அதை வைத்து என்ன செய்யலாம் என்று சொன்னார்கள். ஆகவே "பெரிய விரிசல்" என்று படிக்காதீர்கள். "இடக்கையால் பக்கவாட்டில் இழு, வலக்காலை உயர வை" என்று படியுங்கள்.

முழு வழியையும் விழுங்க வேண்டாம். கைகளை உதறி ஓய்வெடுக்கும் இடங்களை முதலில் தேடுங்கள். இரண்டு ஓய்வுக்கு நடுவே ஐந்தாறு அசைவு, அதுதான் ஒரு துண்டு. ஓய்விடம் வந்த பிறகே அடுத்த துண்டை நினைத்தால் போதும்.

பக்கவாட்டிலும் நடந்து பாருங்கள். கீழிருந்து விரிசலின் அடி உதடுதான் தெரியும். மேலே சரிவாக இருந்தால் கை வழுக்கும். சாக் (கையில் பூசும் வெள்ளைப் பொடி) தடம் கைப்பிடியைக் காட்டிக்கொடுக்கும், கால்பிடியைக் காட்டாது. பெரும்பாலும் மறப்பது கால்தான். எந்த விரிசலுக்கு எந்த அளவு கேம் என்று தரையிலேயே ஊகித்து அதே வரிசையில் இடுப்பில் மாட்டுங்கள். தொங்கிக்கொண்டு தேடினால் வரிசை எப்படி நிற்கும்? இறங்கியதும், பாறையைப் பார்க்காமல் தாளில் வரைந்து சரிபாருங்கள்.

பாறைப்பல்லி:
அண்ணன் சொன்னது பாதிதான். டாப் ரோப்பில் 19 ஏறுகிறவருக்குக் கை, கண் இரண்டும் சரி. ஒரே மாதிரி பிடிகளைத் தாழவும் உயரவும் அமைத்துச் சோதித்திருக்கிறார்கள். உயரத்தில் இதயத் துடிப்பு கூடியது, ஏற அதிக நேரம் பிடித்தது, கை எட்டும் தூரத்தையும் குறைத்தே மதிப்பிட்டார்கள். பிடி மறப்பதில்லை, எட்டாது என்று தோன்றுகிறது.

மருந்து, விழுந்து பழகுவது. கேமில் வேண்டாம், உள்ளரங்கில் போல்ட்டில் (கயிறு மாட்டச் சுவரில் நிலையாகப் பதித்த ஆணி) செய்யுங்கள். லேசாக முன்சாய்ந்த சுவர், கீழே திட்டு கூடாது, ஐந்தாவது போல்ட்டுக்கு மேல் மட்டும். முதலில் போல்ட் நெஞ்சளவில், பிறகு இடுப்பு, பிறகு முழங்கால். ஒவ்வொன்றிலும் நாலைந்து முறை. உடம்பு இறுகினால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். மூச்சை விட்டுக்கொண்டே விழுங்கள். கால் கயிற்றுக்கு முன்னால் சிக்கினால் தலைகீழாகிவிடும். பிலேயர் (கீழே நின்று கயிற்றைக் கையாள்பவர்) கயிற்றை இறுக்கிப் பிடித்தால் சுவரில் மோதுவீர்கள். கயிறு இறுகும் கணத்தில் அவர் லேசாக எம்ப வேண்டும்.

நூல்கண்டு:
நன்றி அண்ணா. பிலேயர் என்னைவிட 20 கிலோ குறைவு. அப்போதும் எம்பணுமா?

பாறைப்பல்லி:
வேண்டாம், தானாகவே தூக்கப்படுவார். முதல் போல்ட்டில் போய் இடிக்காமல் பார்ப்பதே பெரிய வேலை. எடெல்ரிட் ஓம் போன்ற உராய்வுக் கருவியை முதல் போல்ட்டில் மாட்டுங்கள், இல்லையென்றால் பழகும் நாளில் கனத்த ஆளைக் கூப்பிடுங்கள்.