மேக் ஸ்டோருக்காக குரோமியத்த கழட்டிட்டு வெப்வியூ மாட்டின கதை, உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

எங்களோடது க்யூட்டில (சி ப்ளஸ் ப்ளஸ் டூல்கிட்) எழுதின பில்லிங் சாஃப்ட்வேர், சின்ன கடைங்களுக்கு. ஹெல்ப் பக்கமும் இன்வாய்ஸ் ப்ரிவியூவும் மட்டும் எச்டிஎம்எல், அதுக்காக க்யூட்டி வெப்எஞ்சின் (ஆப்புக்குள்ளயே வெப் பக்கம் காட்டுற மாட்யூல்) போட்டிருந்தோம். நேரா டவுன்லோட் பண்றவங்களுக்கு ஒரு பிரச்சனையும் இல்லாம ஓடிட்டு இருந்துச்சு. மேக் ஆப் ஸ்டோர்லயும் போட்டுடலாம்னு முடிவானப்ப டாக்குமென்டேஷன பிரிச்சா, நாங்க வச்சிருந்த வெர்ஷனுக்கு ஸ்டோர் ஒத்துவராதுன்னு அங்கயே எழுதி வச்சிருக்காங்க. உள்ள இருக்கிறது குரோமியம் (குரோம் பிரவுசரோட அடிப்படை), அது ஆப்பிளோட பிரைவேட் ஏபிஐ (வெளி ஆளுங்க தொடக் கூடாத உள் ஃபங்ஷன்) சிலத கூப்பிடுது, போதாக்குறைக்கு ஸ்டோர் கட்டாயமாக்கின ஆப் சாண்ட்பாக்ஸும் (ஆப் எதைத் தொடலாம்னு கட்டுப்படுத்துற வேலி) குரோமியத்தோட சொந்த சாண்ட்பாக்ஸும் ஒன்னோட ஒன்னு மோதும். 2019 கடைசில எலக்ட்ரான் (குரோமியத்து மேல ஆப் கட்டுற டூல்) ஆப் நிறைய ஸ்டோர்ல ரிஜெக்ட் ஆகி திரும்பி வந்துச்சே, அதுவும் இதே வியாதி தான், சிஏகான்டெக்ஸ்ட், சிஏலேயர்ஹோஸ்ட்னு குரோமியம் உள்ளுக்குள்ள தொடுற ஐட்டங்க.

சரி, மேக்லயே இருக்கிற வெப்கிட்ட (சஃபாரியோட இன்ஜின்) எடுத்துக்குவோம்னு டபிள்யூகே வெப்வியூ பக்கம் போனோம் (வெப்கிட் பக்கத்த ஆப்புக்குள்ள காட்டுற ஆப்பிளோட வெப்வியூ, 2014ல மேக்கோட யோசமிட்டி வெர்ஷனோட வந்தது). இன்ஜின கூட கட்டி அனுப்ப வேண்டியதில்லைங்கறதால ஆப் சைஸ் சர்ருன்னு இறங்கிடுச்சு, அது ஒரு சந்தோஷம். ஆனா சாண்ட்பாக்ஸ் ஆன் பண்ணி பில்ட் எடுத்தா ஹெல்ப் பக்கம் வெள்ளை வெளேர்னு நிக்குது. எர்ரர் இல்ல, கிராஷ் இல்ல. ஃபைல் எல்லாம் ஆப்புக்குள்ளயே தான் இருக்கு, நெட்டுக்கே போகாத பக்கம், அதனால நெட்வொர்க் பர்மிஷன்ங்கற பேச்சே யாருக்கும் தோணல. மேட்டர் என்னன்னா வெப்கிட் பக்கத்த காட்டுறதுக்கு தனி ப்ராசஸ், நெட்வொர்க்குக்கு தனி ப்ராசஸ்னு பிரிச்சு ஓட்டுது, சாண்ட்பாக்ஸ்ல நெட்வொர்க் கிளையன்ட் என்டைட்டில்மென்ட் (வெளிய கனெக்ட் பண்றதுக்கான அனுமதி) இல்லைன்னா லோக்கல் பக்கமும் வராது. எக்ஸ்கோட்ல (ஆப்பிளோட டெவலப்பர் டூல்) அவுட்கோயிங் கனெக்‌ஷன்ஸ்னு ஒரு டிக் பாக்ஸ், அவ்ளோ தான். "நெட்டே யூஸ் பண்ணாத ஆப்புக்கு இந்த பர்மிஷன் எதுக்கு"ன்னு ரிவியூல கேப்பாங்களோன்னு நோட்ஸ்ல காரணத்தையும் எழுதி அனுப்பிட்டோம், யாரும் கேக்கல.

அடுத்தது பிரின்ட். பில்லிங் ஆப்ல பிரின்ட் வரலைன்னா வேற என்ன இருக்கு சொல்லுங்க. ஜாவாஸ்கிரிப்ட்ல விண்டோ டாட் பிரின்ட் கூப்பிட்டா சஃபாரில டயலாக் வரும், இங்க ஒன்னுமே நடக்காது. மேக்ஓஎஸ் 11ல பிரின்ட் ஆபரேஷன்னு ஒரு மெத்தட் குடுத்திருக்காங்க, ஆனா க்யூட்டியோட ரெடிமேட் வெப்வியூ மாட்யூல் அது வரைக்கும் கை நீட்ட விடாது. அதனால ஆப்ஜெக்டிவ் சி ப்ளஸ் ப்ளஸ்ல வெப்வியூவ நாங்களே உருவாக்கி, அத க்யூவிண்டோவா (க்யூட்டியோட விண்டோ வகை) மாத்தி விட்ஜெட்டுக்குள்ள ஒட்டினோம். ஒட்டினா அது எப்பவும் எல்லாத்துக்கும் மேல தான் உக்காரும், நம்ம விட்ஜெட் எதையும் அது மேல கொண்டு வர முடியாது. மாட்யூல்லயும் இதே கதை தான், டாக்குமென்ட்லயே ஒத்துக்கிட்டிருக்காங்க. டிசைனர்கிட்ட சொல்லி ப்ரிவியூ மேல வர்ற பட்டன் எல்லாத்தையும் ஓரமா தள்ளியாச்சு.

*

அண்ணே, பிரின்ட் மட்டும் இல்ல, பிரவுசர் நமக்கு சும்மா பண்ணித் தர்ற பாதி வேலைய இதுல நாமளே எழுதணும். நான் ஸ்விஃப்ட்ல நேரா பண்ணேன். ஃபைல் அப்லோட் பட்டன கிளிக் பண்ணா, யூஐ டெலிகேட்ல (இந்த மாதிரி வேலைக்கு வெப்வியூ கூப்பிடுற நம்ம கோட்) ஓபன் பேனல் மெத்தட் எழுதலைன்னா யூசர் கேன்சல் பண்ணிட்டதா அதுவே நினைச்சுக்கும். எழுதினாலும் சாண்ட்பாக்ஸ்ல யூசர் செலக்ட் பண்ற ஃபைலுக்கான பர்மிஷன் தனியா வேணும். இதுல மோசமானது ஜாவாஸ்கிரிப்ட் கன்ஃபார்ம் (ஓகே, கேன்சல் கேக்குற டயலாக்) தான். அலர்ட்டுக்கு டெலிகேட் இல்லைன்னா ஓகே அமுக்கின மாதிரி போயிடும், கன்ஃபார்முக்கு இல்லைன்னா கேன்சல் அமுக்கின மாதிரி. அதாவது "டெலிட் பண்ணவா"ன்னு பக்கம் கேக்கும், யூசர் கண்ணுக்கு எதுவும் தெரியாது, டெலிட்டும் ஆகாது, டெஸ்டர் வந்து சர்வர் பிரச்சனைன்னு பேக்எண்ட் ஆளு மேல டிக்கெட் போடுவாரு. டார்கெட் ப்ளாங்க் லிங்க்கும் இதே ரகம், புது விண்டோக்கான மெத்தட் இல்லைன்னா கிளிக் காத்துல போயிடும்.

இன்னொன்னு, பின்னணிய ட்ரான்ஸ்பரன்ட் ஆக்கணும்னு தேடினா எல்லாரும் ட்ராஸ்பேக்கிரவுண்ட்னு ஒரு கீய ஃபால்ஸ் ஆக்க சொல்வாங்க. வேலை செய்யும், ஆனா அது பப்ளிக் ஏபிஐ கிடையாது. டாரி (வெப்வியூ வச்சு ஆப் கட்டுற டூல்) யூஸ் பண்றவங்களுக்கும் தான் சொல்றேன், அதுல மேக்ஓஎஸ் பிரைவேட் ஏபிஐன்னு ஒரு ஃப்ளாக் இருக்கு, அத ஆன் பண்ணா ஸ்டோர் ஏத்துக்காதுன்னு அவங்களே போட்டிருக்காங்க. கண்ணாடி எஃபெக்ட் வேணுமா ஸ்டோர் வேணுமான்னு முதல்லயே முடிவு பண்ணிக்கோங்க.

*

விண்டோஸ் பக்கம் யாரும் பேசலையே. மைக்ரோசாஃப்டோட வெப்வியூ2 ஓரளவு நிம்மதி, உள்ள எட்ஜோட குரோமியம் தான், விண்டோஸ் 11ல ரன்டைம் கூடவே வருது. நாங்க எம்எஸ்ஐ இன்ஸ்டாலராவே மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்ல போட்டோம், 2021ல இருந்து அது முடியுது. நம்ம மெஷின்ல ஜம்முனு ஓடும், இன்ஸ்டால் பண்ணினவங்களுக்கு வெப்வியூ திறக்காது, ஆக்சஸ் டினைட்னு வரும். காரணம் யூசர் டேட்டா ஃபோல்டர் (குக்கி, கேஷ் எல்லாம் வெப்வியூ வைக்கிற இடம்). நாம எதுவும் சொல்லலைன்னா எக்ஸ்இ பக்கத்துலயே ஒரு ஃபோல்டர் போடப் பாக்கும், ப்ரோகிராம் ஃபைல்ஸ்ல சாதா யூசருக்கு எழுத உரிமை ஏது? என்விரான்மென்ட் உருவாக்கும்போதே லோக்கல் ஆப்டேட்டா பாத்த குடுத்துடுங்க, தீர்ந்துச்சு. ஃபிக்ஸட் வெர்ஷன் ரன்டைம கூடவே கட்டலாம்னு எங்க மேனேஜர் ஆசைப்பட்டாரு, அது மட்டும் 250 எம்பிக்கு மேல வரும்னு காட்டினதும் அமைதியாயிட்டாரு.

*

எங்களுக்கு மேக் ஸ்டோர்ல டெக்னிக்கலா எல்லாம் ஓகே, ஆப்பிளோட ரிவியூ விதிகள்ல 4.2 விதில தான் நின்னுச்சு. வெப்சைட்ட அப்படியே மடிச்சு ஆப்னு குடுக்காதீங்கங்கற விதி. நியாயமா பாத்தா எங்க ஆப்ல அப்ப வெப்சைட்ட தாண்டி எதுவும் இல்ல தான். மெனு பார்ல உண்மையான கமாண்ட், நெட் இல்லாதப்பவும் பழைய ரிப்போர்ட் திறக்குறது, ஃபைண்டர்ல இருந்து இழுத்துப் போடுறதுன்னு சேர்த்து அனுப்பினோம், ஏத்துக்கிட்டாங்க. நேட்டிவ் வெப்வியூ போட்டுட்டா ஸ்டோர் கதவு தானா திறந்துடும்னு நினைக்கிறவங்களுக்காக சொல்றேன், 2.5.6 பிரவுஸ் பண்ற ஆப்னா வெப்கிட் யூஸ் பண்ணுங்குது, 4.2 அதோட நிறுத்தாதேங்குது.

அப்புறம் கூகுள் லாகின் வச்சிருக்கவங்க கவனிங்க, 2021 செப்டம்பர் 30ல இருந்து வெப்வியூக்குள்ள அந்த லாகின் ஓடாது, டிஸ்அலவ்ட் யூசர்ஏஜென்ட்னு வரும். யூசர் ஏஜென்ட்ட (பிரவுசர் தன்ன யாருன்னு சொல்ற பேரு) மாத்தி ஏமாத்தலாம்னு ஊருக்குள்ள ஐடியா குடுப்பாங்க, வேணாம். ஆப்பிளோட ஏஎஸ் வெப் ஆதென்டிகேஷன் செஷன்னு மேக்ஓஎஸ் 10.15ல இருந்து இருக்கு, லாகின மட்டும் அதுல விட்டுட்டு டோக்கன வாங்கிக்கோங்க.

*

கன்ஃபார்ம் மேட்டர் சொன்ன ப்ரோவுக்கு கோடி நன்றி. எங்க ஆப்ல "பில் கேன்சல் பட்டன் மேக்ல மட்டும் வேலை செய்யல"ன்னு ஒரு கம்ப்ளைன்ட் ஓப்பன்லயே கிடக்கு, இப்ப தான் பாத்தேன், அந்த டெலிகேட் மெத்தட் எங்க கோட்ல இல்லவே இல்ல. லினக்ஸ்ல வெப்கிட்ஜிடிகே வச்சு யாராச்சும் பண்ணியிருந்தா பிரின்ட் எப்படி இருக்குன்னு சொல்லுங்க, அடுத்து அதுக்கு தான் போகணும்.