சுன் டூ ஹ்வானுக்கு அளித்த மன்னிப்பு சரியா?

வேனில்:
1980 மே 18 அன்று தென்கொரியாவின் குவாங்ஜூவில் இராணுவச் சட்டத்தை எதிர்த்துத் தெருவுக்கு வந்த மாணவர்களைப் பாராசூட் படையினர் தடியால் அடித்துத் துவைத்தார்கள். மே 21இல் மாகாண அரசு அலுவலகத்தின் முன் திரண்டிருந்த மக்களைச் சுட்டார்கள். அந்த நாட்களில் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்தவரும் பின்னர் அதிபரானவருமான ஜெனரல் சுன் டூ ஹ்வானுக்கு 1996 ஆகஸ்டில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது ஆயுள் தண்டனையானது. 1997 டிசம்பரில் மன்னிப்பு பெற்று வீட்டுக்குப் போய்விட்டார். அந்த மன்னிப்பு பெருந்தவறு என்கிறேன்.

தென்கரை:
நண்பரே, அந்த மன்னிப்புக்குச் சம்மதித்தவர் யார் என்று பாருங்கள். அப்போதுதான் அதிபராகத் தேர்வாகியிருந்த கிம் டே ஜங். குவாங்ஜூ எழுச்சியைத் தூண்டினார் என்று 1980இல் சுன்னின் இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்த அதே மனிதர்! நாடு பன்னாட்டு நிதியத்திடம் கடனுக்கு நின்ற நேரம். சுன்னின் கியோங்சாங் பகுதிக்கும் குவாங்ஜூ இருக்கும் ஜொல்லாவுக்கும் தீராத பகை வேறு. பழிவாங்க வந்தவர் என்ற பெயரோடு அவர் ஆட்சியைத் தொடங்கியிருக்க வேண்டுமா?

வேனில்:
தமக்கு இழைத்த கொடுமையை அவர் மன்னிக்கலாம். பிள்ளையைப் புதைத்த தாய்க்காக அவர் எப்படி மன்னிக்க முடியும்? அதுவும், செய்தது தவறு என்று ஒரு வார்த்தை சொல்லாதவரை?

பழைய வழக்கறிஞர்:
வழக்கைக் கொஞ்சம் பார்ப்போம். சுன் 1955இல் இராணுவக் கல்லூரியில் தேறியவர். படைக்குள் ‘ஹனாஹோ’ என்ற இரகசியக் குழுவை வளர்த்தார். 1979இல் இராணுவப் பாதுகாப்புப் பிரிவின் தளபதியானார். அக்டோபர் 26இல் அதிபர் பார்க் சுங் ஹீ கொல்லப்பட்டதும் விசாரணைப் பொறுப்பு இவரிடம் வந்தது. டிசம்பர் 12இல் தரைப்படைத் தலைமைத் தளபதியையே கைது செய்தார்; ஆட்சிக் கவிழ்ப்பு அங்கேதான் தொடங்கியது. ஆனால் காகிதத்தில் குவாங்ஜூ படைகளின் கட்டளை வரிசையில் இவர் பெயர் இல்லை. வழக்கின் முடிச்சே அதுதான். வெற்றி பெற்ற ஆட்சிக் கவிழ்ப்பைத் தண்டிக்க முடியாது என்று 1995 ஜூலையில் அரசுத் தரப்பு கைவிரித்தது. மக்கள் கொதித்தபின் டிசம்பரில் இவரை விசாரிக்க வழிசெய்யும் தனிச்சட்டம் வந்தது. அப்போதும், கலக நோக்கிலான கொலை என்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது மக்கள் கையில் இருந்த மாகாண அரசு அலுவலகத்தை மே 27 அதிகாலை படையினர் மீட்ட நடவடிக்கையை மட்டுமே. மே 21இல் சுடச் சொன்னவர் யார் என்பது நிறுவப்படவில்லை.

வேனில்:
ஐயா, நீங்கள் சொல்வது என் பக்கத்துக்கே வலு சேர்க்கிறது. உண்மை பாதி வெளிவந்த நிலையில் சிறைக்கதவைத் திறந்துவிட்டார்கள். வெளியே வந்தவர் என்ன செய்தார்? 2017இல் நினைவுக் குறிப்பு எழுதினார். ஹெலிகாப்டரிலிருந்து சுட்டதைக் கண்டதாகச் சொன்ன மறைந்த பாதிரியாரைச் சாத்தான் என்றார். இறந்தவரை அவதூறு செய்ததற்காக 2020 நவம்பரில் அவருக்கு எட்டு மாதச் சிறை விதித்த நீதிமன்றம், அதை நிறுத்தியும் வைத்தது. 2021இல் தம் வீட்டிலேயே கண்ணை மூடினார்.

தென்கரை:
நினைவுக் குறிப்பு விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன், அது மன்னிக்க முடியாத செயல். ஆனாலும் அந்தக் குடும்பத்திலிருந்தே ஒருவர் மனம் வருந்தவில்லையா? 2023 மார்ச்சில் அவருடைய பேரன் குவாங்ஜூவுக்குப் போய்ப் பாதிக்கப்பட்டோர் முன் மண்டியிட்டார். தம் மேலங்கியைக் கழற்றிக் கல்லறைகளைத் துடைத்தார்.

வேனில்:
அந்தப் பிள்ளையை நான் மனமார மதிக்கிறேன். ஆனால் மே 21இல் சுடச் சொன்னது யார் என்று அவரால் சொல்ல முடியாதே.