புதுப்பிப்பு: கொழும்பு வெள்ளவத்தை வேலைத்தளக் கணக்குகள்

சிறு ஒப்பந்தக்காரருக்கு மென்பொருள் தேவையா, கொப்பியே போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். மென்பொருள் வாங்கவில்லை. கைபேசியில் ஒரு விரிதாள், அவ்வளவுதான். வந்த சீமெந்து மூட்டை, எடுத்தது, மிச்சம் ஆகியவற்றை மேற்பார்வையாளர் மாலையில் எண்ணிப் பதிகிறார். ஒழுங்கைக்குள் சாமான் குவிக்க இடமில்லாததால் இது இல்லாமல் முடியாது.

உண்மையான மாற்றம் மேலதிக வேலையில்தான். வீட்டுக்காரர் சுவரைத் தள்ளிக் கட்டச் சொன்னால், கூடுதல் செலவையும் நாட்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். "சரி" என்று பதில் வரும்வரை மேசன் கை வைப்பதில்லை. "என்னை நம்பவில்லையா தம்பி?" என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். கடைசிப் பில்லின்போது அதே செய்திகளை எடுத்துக் காட்டித் தன் மனைவியைச் சமாதானப்படுத்தியவரும் அவர்தான்!

கூலி பற்றிக் கேட்டவர்களுக்கு: ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி பங்கு சம்பளத்தில் 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம். இந்த 15 சதவீதத்தை விலைமனுவிலேயே சேர்த்துவிடுங்கள்; பிறகு யாரும் தரமாட்டார்கள்.

வேலை முடிந்தும் வீட்டுக்காரர் கொஞ்சக் காலம் பிடித்துவைக்கும் தடுத்துவைப்புப் பணத்துக்குத் தனி நிரல் போட்டு, திரும்பக் கேட்கவேண்டிய தேதியையும் எழுதியிருக்கிறேன். உபஒப்பந்தக்காரர் செய்த வேலையை அளந்து எழுதும் கணக்கு மட்டும் இன்னும் கொப்பியில்தான்.