அம்மா தம் வீட்டிலேயே தனியாக இருக்க விரும்புகிறார்: எந்த உதவியிலிருந்து தொடங்குவது?

தாழ்வாரம்:

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு வயது 79. தந்தை மறைந்தபின் மூன்று ஆண்டுகளாகத் தம் வீட்டில் தனியே வசிக்கிறார். நான் அவரிடம் போய்ச் சேர ஆறு மணி நேரம் ஆகும். தம்பி அதைவிடத் தொலைவில் இருக்கிறான். சென்ற மாதம் ஓர் இரவு, கழிவறைக்குப் போகும் வழியில் அம்மா விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, ஆனால் தரையிலிருந்து எழுந்திருக்க முக்கால் மணி நேரம் ஆயிற்றாம். அதுவும் பத்து நாள் கழித்து, வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது வாய்தவறிச் சொன்னதால்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து தம்பி முதியோர் இல்லத்தைப் பற்றியே பேசுகிறான். அம்மாவோ அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறார். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது எல்லாவற்றையும் அவராகவே செய்துகொள்கிறார். எளிமையாகச் சமைக்கவும் செய்கிறார். தடுமாறுவது கட்டணங்களைக் கட்டுவதிலும், நாள்தோறும் எடுக்க வேண்டிய ஐந்து மாத்திரைகளிலும், வெளியே தனியாகப் போய்வருவதிலும்தான்.

அவர் வசிக்கும் பகுதியில் என்னென்ன உதவிகள் கிடைக்கும் என்று உள்ளாட்சி அலுவலகத்திலும் தன்னார்வ அமைப்புகளிலும் விசாரித்தேன். வீட்டு வேலைக்கு உதவியாளர், வீட்டுக்கு வரும் செவிலியர், சமைத்த உணவைக் கொண்டுவந்து தருவது, மருத்துவமனைக்கு உடன் வரும் துணை, கழுத்தில் அணியும் அவசர அழைப்புப் பொத்தான், தினமும் தொலைபேசியில் நலம் விசாரிப்பது, சிறு பழுதுகளைச் சரிசெய்து தருவது, பகல்நேர மையம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. பதற்றத்தில், ஒரு நிறுவனத்தின் மூலம் நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு உதவியாளர் ஒருவரை ஏற்பாடு செய்தேன். நான்காம் நாள் அம்மா அவருக்கு நன்றி சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

இவற்றில் எதிலிருந்து தொடங்குவது, அம்மா மனம் ஒப்பும்படி அதை எப்படிச் செய்வது, தனியே இருப்பது இனி முடியாது என்பதை எதைக்கொண்டு அறிவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

வழித்துணை:

வீடு வீடாகச் சென்று முதியோரைக் கவனிக்கும் செவிலியராக 26 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். சேவைகளின் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு தொடங்கியதுதான் சிக்கல் என்று எனக்குத் தோன்றுகிறது. முதலில் எழுத வேண்டியது அம்மா செய்யும் வேலைகளின் பட்டியல்.

இதற்கு எங்கள் துறையில் இரண்டு பழைய அளவுகோல்கள் உண்டு. 1963-இல் சிட்னி காட்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்டது குளித்தல், உடுத்துதல், கழிவறையைப் பயன்படுத்துதல், படுக்கையிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் எழுந்து இடம் மாறுதல், சிறுநீர் மலத்தை அடக்குதல், உண்ணுதல் ஆகிய ஆறையும் பார்க்கிறது. 1969-இல் லாட்டன், பிராடி என்ற இருவர் வெளியிட்டது தொலைபேசி, கடைக்குப் போதல், சமையல், வீட்டைப் பராமரித்தல், துணி துவைத்தல், பயணம், மருந்து, பணம் ஆகிய எட்டையும் பார்க்கிறது. பெரும்பாலோருக்கு இரண்டாம் பட்டியலில் உள்ளவைதான் முதலில் கைநழுவும். உங்கள் அம்மா முதல் பட்டியலில் உள்ள ஆறில் தடுமாறுவதாக நீங்கள் எதையும் சொல்லவில்லை, இரண்டாவதில் மூன்றுதான். அப்படியிருக்க, நீங்கள் அனுப்பிய உதவியாளர் மூன்று மணி நேரமும் என்ன செய்திருப்பார்? அம்மா செய்யக்கூடிய வேலைகளைத்தான் அவர் கையிலிருந்து வாங்கிச் செய்திருப்பார். திருப்பி அனுப்பியதில் எனக்கு வியப்பே இல்லை.

ஆனால் இதற்கெல்லாம் முன்பாக அந்த விழுகையை மருத்துவர் பார்த்தாக வேண்டும். எலும்பு முறியவில்லை என்பதோடு அதை விட்டுவிடக் கூடாது. ஏன் விழுந்தார் என்பதுதான் கேள்வி. படுத்திருக்கும்போதும் எழுந்து நின்றபின்பும் இரத்த அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். எழுந்து நின்றதும் அழுத்தம் சட்டென்று இறங்குவது இரவில் விழுவதற்கு அடிக்கடி காரணமாகிறது. தூக்க மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை, சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரை ஆகிய மூன்றும் விழும் வாய்ப்பைக் கூட்டக்கூடியவை என்பதால், ஐந்து மாத்திரைகளையும் ஒருசேர எடுத்துச் சென்று, எவை இன்னும் தேவை, எதை எந்த வேளைக்கு மாற்றலாம் என்று கேளுங்கள். யாரையும் கேட்காமல் நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். கண் பரிசோதனையும் பாதப் பரிசோதனையும் இதோடு சேரட்டும்.

நீங்கள் நேரில் போகும்போது எளிய சோதனை ஒன்றைச் செய்து பார்க்கலாம். நாற்காலியிலிருந்து எழுந்து, வழக்கமான வேகத்தில் மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லி நேரம் பாருங்கள். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், கால் வலுவுக்கும் சமநிலைக்குமான பயிற்சிக்கு இயன்முறை மருத்துவரை ஏற்பாடு செய்வதே உங்கள் முதல் சேவை. கட்டணம் கட்டும் வேலையை, அம்மா சம்மதித்தால், தொலைவில் இருக்கும் உங்கள் தம்பி அங்கிருந்தபடியே செய்யலாமே. இல்லத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பவருக்குக் கையில் ஒரு வேலை கிடைப்பது நல்லது.

மாலைக்காற்று:

என் தந்தையும் இப்படித்தான். பராமரிப்பாளர் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. ஆனால் மாடிப்படி விளக்கை மாற்ற வந்தவரை அவர் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினார். அடுத்த வாரம் குழாயைப் பார்க்க அவரையே வரச்சொன்னோம்; அதன்பின் கழிவறையில் கைப்பிடி பொருத்தினார். வீட்டைப் பழுதுபார்க்க வருபவரை ஏற்பது வேறு, தம்மைப் பழுதுபார்க்க வருபவரை ஏற்பது வேறு என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பிற்பாடு குளிக்கத் துணை தேவைப்பட்டபோது ஒரு நிறுவனத்தை நாடினோம். பதினொரு வாரத்தில் ஒன்பது பேர் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் துண்டு எங்கே இருக்கிறது, எந்தத் தோள் வலிக்கும் என்பதை அப்பா முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. "வாரம் ஒரு புதியவர் முன்னால் சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கிறது" என்று அவர் ஒருமுறைதான் சொன்னார். அன்றே அந்த ஏற்பாட்டை நிறுத்தினேன்.

ஆகவே எந்த நிறுவனத்திடம் பேசினாலும், தொடர்ந்து அதே நபர் வருவாரா, அவர் விடுப்பில் போனால் வரப்போகும் மாற்று ஆளை முன்கூட்டியே அறிமுகப்படுத்துவார்களா, குறித்த நேரத்தில் ஆள் வராவிட்டால் அதை யார் கவனித்து யாருக்குச் சொல்வார்கள் என்பதையெல்லாம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நெதர்லாந்தில் 2006-இல் தொடங்கிய பியூர்ட்ஸோர்க் என்ற அமைப்பில், அதிகபட்சம் 12 செவிலியர் கொண்ட சிறு குழு ஒன்று ஒரு குறிப்பிட்ட வட்டாரத்தைத் தானே பொறுப்பேற்று, அட்டவணையையும் தானே முடிவுசெய்கிறது. அதைப் பற்றிப் படித்தபோது, எங்களுக்குக் கிடைக்காமல் போனது மருத்துவத் திறமை அன்று, முகம் தெரிந்த ஒருவர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

எண்பத்துமூன்று:

மகளே, நான் உன் அம்மாவின் இடத்தில் இருப்பவள். பெயருக்குப் பதிலாக வயதையே வைத்துக்கொண்டேன். ஒன்பது ஆண்டுகளாகத் தனியே இருக்கிறேன். மேலே எழுதியவர்கள் எல்லாரும் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார்கள், ஆனால் ஒருவரும் அந்தப் பத்து நாளைப் பற்றிக் கேட்கவில்லை. விழுந்ததை அவர் ஏன் மறைத்தார்? சொன்னால் வீடு போய்விடும் என்று அவருக்குத் தெரியும். சொன்ன மறுநாளே உன் தம்பி இல்லத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியதால், அவர் பயந்தது சரியென்றே ஆகிவிட்டது. அடுத்த முறை விழுந்தால் இருபது நாள் மறைப்பார். விழுந்ததைச் சொன்னால் வீட்டை விட்டுப் போகச் சொல்ல மாட்டோம் என்று நீங்கள் இருவரும் சேர்ந்து அவரிடம் வாக்குக் கொடுங்கள். வேறு எந்த ஏற்பாடும் அதற்குப் பிறகுதான்.

எனக்கு வரும் உதவிகளைச் சொல்கிறேன். காலை எட்டு மணிக்குத் தன்னார்வலர் ஒருவர் தொலைபேசியில் அழைப்பார். இரண்டு முறை அழைத்தும் நான் எடுக்காவிட்டால், சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்வார். ஓராண்டுக்குப் பிறகு அந்த அமைப்பினர், நானும் இருவரை அழைத்து விசாரிக்க முடியுமா என்று கேட்டார்கள். இப்போது எட்டு மணிக்கு எனக்கு அழைப்பு வரும், எட்டேகாலுக்கு நான் அழைப்பேன். வாரம் இருமுறை ஒரு பெண் வந்து தரையைத் துடைத்து, உயரத்தில் இருப்பவற்றை எடுத்து வைத்துவிட்டுப் போகிறாள். அவளைத் தேர்ந்தெடுத்தவள் நான். மூன்று பேரிடம் பேசினேன், மூன்றாமவளைப் பிடித்தது. உணவு கொண்டுவந்து தரும் சேவையை மட்டும் நாள்தோறும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுப்படிக்குப் போகாவிட்டால் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்பது எனக்குத் தெரியும். உடம்பு முடியாத நாளில் ஒரு தொலைபேசி அழைப்பில் அது வந்துவிடும், அது போதும்.

இன்னொன்று. அலுவலர்கள் வரும்போது, "அவருக்கு எத்தனை மாத்திரை?" என்று என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என் மகனிடம் கேட்பார்கள். நீ பதில் சொல்லாதே. அம்மா பக்கம் திரும்பிப் பார், போதும்.

அளவுகோல்:

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்; அன்றாட வேலைகளைச் செய்துகொள்ள உடலையும் வீட்டையும் ஒன்றுக்கொன்று பொருத்தும் தொழில் இது. பெரியவர் சொன்னதற்குப் பிறகு நான் கூடுதலாகச் சொல்ல வீட்டைப் பற்றிய சில செய்திகளே உள்ளன.

அறுபது வயதில் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதில் எட்டுவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். நமக்குப் போதுமான வெளிச்சம் உங்கள் அம்மாவுக்கு அரையிருட்டு. ஆகவே கட்டிலிலிருந்து கழிவறை வரை, ஆள் அசைந்தால் தானே எரியும் சிறு விளக்குகளை வைப்பது மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தரும். கைப்பிடியைச் சுவரில் திருகாணியால் இறுக்கிப் பொருத்த வேண்டும். உறிஞ்சிப் பிடிக்கும் வகையை நம்ப வேண்டாம், துண்டு மாட்டும் கம்பியையோ அறவே பிடிக்கக் கூடாது. ஓரம் சுருண்ட விரிப்புகளை எடுத்துவிடலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

அவசர அழைப்புப் பொத்தானைப் பற்றி ஒரு சொல். 90 வயதைக் கடந்த 110 பேரை ஓராண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2008-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. அவர்களில் 60 விழுக்காட்டினர் அந்த ஆண்டில் விழுந்தார்கள். விழுந்தவர்களில் 30 விழுக்காட்டினர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையிலேயே கிடந்தார்கள். பலருக்கு அழைப்புக் கருவி இருந்தும், நெடுநேரம் கிடந்தவர்களில் பெரும்பாலோர் அதை அழுத்தவில்லை. ஆகவே கருவியை வாங்கித் தருவதோடு வேலை முடிவதில்லை. தரையிலிருந்து எழும் முறையையும் கற்றுத்தர வேண்டும்: ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி எழுந்து, கையும் முழங்காலுமாகத் தவழ்ந்து உறுதியான நாற்காலியை அடைந்து, வலுவான காலை முன்வைத்து ஊன்றி எழ வேண்டும். இதைப் பகலில், இயன்முறை மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போது பழக வேண்டும். நீண்ட நேரம் தரையில் கிடப்பதால் வரும் நீர்ச்சத்துக் குறைவும் தசைச் சிதைவும் படுக்கைப் புண்ணும், சில வேளைகளில் விழுந்த அடியைவிடக் கொடியவை.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான கேப்பபிள் என்ற திட்டத்தில், என்னைப் போன்ற ஒருவரும் ஒரு செவிலியரும் சில மாதங்களுக்குள் அதிகபட்சம் பத்து முறை வீட்டுக்குப் போகிறார்கள். பழுதுபார்ப்பவர் ஒருவரும் அந்தக் குழுவில் உண்டு. எதைச் சரிசெய்வது என்று முடிவுசெய்பவர் அந்த வீட்டு முதியவர்தான். அந்த மூவர் கூட்டணி உங்கள் பகுதியில் ஒரே கூரையின் கீழ் கிடைக்காமல் போகலாம். தனித்தனியே மூவரைத் தேடிச் சேர்க்க முடியும்.

வழித்துணை:

பெரியவர் சுட்டிக்காட்டியது உண்மை. அந்தப் பத்து நாளை நான் கவனிக்கத் தவறிவிட்டேன்.

கடைசிக் கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. ஒரு விழுகையை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அடுப்பை அணைக்க மறப்பது திரும்பத் திரும்ப நடப்பது, பழகிய வழியிலேயே தொலைந்துபோவது, காரணமின்றி எடை குறைவது, இரவில் நேரம் தெரியாமல் வெளியே கிளம்புவது ஆகியவற்றைக் கண்டால், மறதிநோய் உள்ளதா என்று பரிசோதிக்க வேண்டும். அப்போது கணக்கு மாறும். நான் பார்த்தவரை, உள்ளூர்ச் சேவைகள் பகலைத்தான் தாங்குகின்றன. இரவில் இரண்டு மூன்று முறை ஒருவர் எழுப்பித் துணைநிற்க வேண்டிய நிலை வந்தால், வீட்டோடு தங்கும் ஆள் இல்லாமல் முடியாது.

தாழ்வாரம்:

ஏழு வாரத்துக்குப் பிறகு எழுதுகிறேன். முதலில் அந்த வாக்கைக் கொடுத்தோம்; தம்பியும் தொலைபேசியில் கொடுத்தான். அதன்பின் அம்மா, ஆறு மாதத்துக்கு முன்பும் ஒருமுறை விழுந்ததாகச் சொன்னார். எழுந்து நின்றதும் இரத்த அழுத்தம் இறங்குவது பரிசோதனையில் தெரிந்தது. மருத்துவர் ஒரு மாத்திரையை நிறுத்தி, இன்னொன்றின் வேளையை மாற்றினார். மூன்று மீட்டர் நடந்து திரும்ப 16 விநாடி ஆயிற்று, ஆகவே வாரம் இருமுறை பயிற்சி நடக்கிறது. விளக்குகளும் கைப்பிடியும் பொருத்தியாயிற்று. கட்டணங்களைத் தம்பி கட்டுகிறான். மாதக் கடைசியில் அம்மா அவனிடம் ஒவ்வொன்றாகக் கணக்குக் கேட்கிறார்.

எது உங்களுக்கு முதலில் வேண்டும் என்று நான் கேட்டதற்கு அம்மா சொன்னது எங்கள் பட்டியலிலேயே இல்லை. நூலகத்துக்குப் போய்வர வேண்டுமாம். அப்பா போனபின் அவர் ஒருமுறைகூட அங்கே போகவில்லை என்பது எனக்குத் தெரியாது. மருத்துவமனைக்கு உடன் வரும் துணையை ஏற்பாடு செய்யும் அமைப்பினரே இதற்கும் ஒருவரை அனுப்புகிறார்கள். அழைப்புப் பொத்தான் மட்டும் இன்னும் கட்டில் தலைமாட்டில்தான் தொங்குகிறது. கழுத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னால், வெளியே போகும்போது போட்டுக்கொள்கிறேன் என்கிறார். வீட்டைத் தாண்டினால் அது வேலை செய்யாது என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.