கழிச்சல் நின்ற பிறகும் பன்றிக்குட்டிகள் தேறாதது ஏன்?

கேள்வி (செங்குன்றம்):
வணக்கம். ஆறு வாரத்தில் தாயிடமிருந்து பிரித்த ஒன்பது வெண்பன்றிக் குட்டிகளுக்கு நான்காம் நாளே நீர்க்கழிச்சல் கண்டது. இரண்டு இறந்தன. மல ஆய்வில் ஈ.கோலை பாக்டீரியா எனத் தெரிந்து, சிகிச்சைக்குப் பின் கழிச்சல் நின்றது. ஆனால் மூன்று வாரமாக வயிறாரத் தின்றும் அவற்றின் எடை கூடவில்லை. குடலில் என்ன பழுது நிற்கிறது?

மறுமொழி (கால்நடை மருத்துவர், மாதவரம்):
குட்டிகளை இழந்ததற்கு வருந்துகிறேன். பால் மறக்கடித்த முதல் சில நாள்களில் குட்டிகள் சரியாகத் தின்னாததாலேயே சிறுகுடலின் உறிஞ்சிகள் (சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள்) குட்டையாகிவிடுகின்றன. கிருமி வருமுன்பே குடல் நலிந்திருக்கிறது என்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. இந்த வகை ஈ.கோலை எஃப்4 அல்லது எஃப்18 எனும் நுண்ணிழைகளால் குடல் சுவரைப் பற்றிக்கொண்டு நச்சைச் சுரக்கிறது. எஃப்18 பற்றும் இடங்கள் பிறந்த குட்டியில் அநேகமாக இரா; வயது ஏறும்போதே அவை கூடுகின்றன. நச்சு செல்லைக் குளோரைடு உப்பை வெளியேற்றத் தூண்டுவதால் நீரும் உடன் வெளியேறுகிறது. இருப்பினும் குளுக்கோசும் சோடியமும் சேர்ந்து உள்ளே நுழையும் வழி பெரிதும் கெடுவதில்லை என்பதால்தான் உப்பு-குளுக்கோஸ் கரைசல் உயிர் காக்கிறது.

கிருமி அகன்றபின் உறிஞ்சிகளை முதிராத செல்கள் மூடியிருக்கும். அவற்றில் செரிமான நொதிகள் குறைவு. எனவே தின்றது முழுதும் உடலில் ஒட்டாது.

மறுமொழி (மணலி):
ஐயா, எனக்கும் இப்படி நேர்ந்தது. பிரித்த அன்றே ஓட்டல் மிச்சத்துக்கு மாற்றியதுதான் என் தவறு. இப்போது தாயிடம் பால் குடிக்கும்போதே குட்டித் தீவனத்தைச் சிறிது சிறிதாகப் பழக்குகிறேன். ஓட்டல் உணவை நன்கு கொதிக்கவைத்து வளர்ந்த பன்றிகளுக்கு மட்டுமே தருகிறேன்.

மறுமொழி (கால்நடை மருத்துவர், மாதவரம்):
மணலி நண்பர் சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். குடல் செல்கள் சில நாள்களிலேயே புதுப்பிக்கப்படுபவை; ஆகவே மூன்று வாரத்துக்குப் பின்னும் தேறாவிட்டால் வேறொரு தொற்றையும் ஐயுற வேண்டும். லாசோனியா எனும் பாக்டீரியா கடைச் சிறுகுடலின் சுவரைத் தடிக்கச் செய்து, கழிச்சலே இல்லாமலும் வளர்ச்சியை முடக்கும். ஈ.கோலைக்குக் கொடுக்கப்பட்டுவந்த கோலிஸ்டின் எனும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தேடி வாங்காதீர்கள். உணவுக்கு வளர்க்கும் விலங்குகளில் அதன் பயன்பாடு 2019 முதல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டுள்ளது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. மிகவும் மெலிந்த இரண்டு குட்டிகளின் மலத்தைத் திங்கள்கிழமை காலை மாதவரம் பால்பண்ணையிலுள்ள பல்கலைக்கழக வளாகத்துக்குக் கொண்டுவருகிறேன்.