அதிமதுர வேரிலுள்ள கிளிசரைசின்: ரத்த அழுத்தத்தை ஏற்றுமா, ஏற்றாதா?

கயல்: "முழு வேராகச் சாப்பிட்டால் எவ்வளவு சாப்பிட்டாலும் ஒன்றும் ஆகாது" என்று வேர்ப்பிரியன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து பொறுக்க முடியவில்லை. வேருக்கு இனிப்பைத் தரும் கிளிசரைசினைக் குடல் பாக்டீரியா கிளிசரெட்டினிக் அமிலமாக உடைக்கும். சிறுநீரகத்தில் கார்டிசோல் என்ற ஹார்மோனைச் செயலற்ற கார்டிசோனாக மாற்றும் நொதியை அந்த அமிலம் முடக்கும். அப்புறம் உப்பைத் தக்கவைக்கும் ஹார்மோனான ஆல்டோஸ்டிரோன் செய்யும் வேலையைக் கார்டிசோலே செய்யும்: உப்பு தங்கும், பொட்டாசியம் வெளியேறும், அழுத்தம் ஏறும். கிளிசரைசின் நாளுக்கு 100 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்று ஐரோப்பிய அறிவியல் குழு சும்மாவா சொன்னது?

வேர்ப்பிரியன்: பாடத்துக்கு நன்றி, டீச்சர். அந்த 100 மில்லிகிராம் அதிமதுர மிட்டாய் தின்பவர்களுக்கு. வேர் வேறு, சாறு வேறு.

கயல்: எதில் வந்தாலும் மூலக்கூறு ஒன்றுதான். வேரில் கிளிசரைசின் 4 சதவீதம் இருந்தால் 2.5 கிராமிலேயே 100 மில்லிகிராம் வந்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வேர்ப்பிரியன்: 4 சதவீதம் என்று யார் அளந்தது? வேருக்கு வேர் மாறும்.

கயல்: மாறுகிறது என்றால் "எவ்வளவு வேண்டுமானாலும்" என்று எந்தத் தைரியத்தில் எழுதினீர்கள்?

மாறன்: ரெவர்ஸ் என்ற நெதர்லாந்து மருத்துவர் வயிற்றுப்புண்ணுக்கு அதிமதுரத்தைக் கொடுத்தார். சிலருக்கு உடம்பு வீங்கியதை 1946இலேயே எழுதியிருக்கிறார்.

வேர்ப்பிரியன்: அவர் கொடுத்தது சாறு! என் கட்சிக்கே சாட்சி சொல்கிறீர்கள்.

இளவேனில்: கிளிசரைசின் சர்க்கரையைவிட 50 மடங்கு இனிப்பு என்கிறார்களே, சரியா?

மாறன்: 30 முதல் 50 மடங்கு.

வேர்ப்பிரியன்: போன மாதம் 50 என்று அடித்துச் சொன்னது நீங்கள்தான். நான் கேள்வி கேட்டதும் அந்தப் பதிவே காணாமல் போய்விட்டது.

மாறன்: அதை நீக்கியது நான் இல்லை. எத்தனை தடவை சொல்வது?

வேர்ப்பிரியன்: வேறு யார், கிளிசரைசினா?

கயல்: பழைய சண்டையை இழுத்து நழுவாதீர்கள். கிளிசரைசினை நீக்கிய அதிமதுரம் என்றே தனியாகத் தயாரிக்கிறார்களே, எதற்கு?

வேர்ப்பிரியன்: அதுவும் சாறுதான். வேர் வேறு, சாறு வேறு.

கயல்: அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்களும் இதைப் படிக்கிறார்கள். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகளில் சில ஏற்கெனவே பொட்டாசியத்தைக் குறைப்பவை. அதோடு இதுவும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். நேற்று எழுதிய அந்த வரியை எடுங்கள்.

வேர்ப்பிரியன்: எடுக்க மாட்டேன்.

மாறன்: எடுக்க மாட்டார். எனக்கு அவரை முன்பே தெரியும்.

கயல்: அப்படியானால் 100 மில்லிகிராம் பற்றி நான் கேட்டதற்காவது பதில் சொல்லுங்கள்.

வேர்ப்பிரியன்: மேலே சொல்லிவிட்டேன். படியுங்கள்.